பதினாறு மூக்கும் ஒரு ஜன்னலும்

அஜந்தனுக்கு வருடம் மாதங்களாக வருவதில்லை, தடிமன்களாக வருகிறது.

உக்குவளையிலிருந்து மாத்தளை நகரத்துப் பாடசாலைகளுக்குப் பதினாறு பிள்ளைகளை ஏற்றிப்போய் விடுவதும், பகலில் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்குவதும் அவருடைய தொழில். வெள்ளை டொல்பின் வேன். முன்கண்ணாடியில் மாரியம்மன் படம், பின்கண்ணாடியில் மஞ்சள் பலகை, இடையில் பதினாறு மூக்கு. ஒன்று ஒழுகத் தொடங்கினால் மற்றவையும் வரிசையாக ஒழுகும் என்பது தொழிலுக்கு வந்த முதல் தவணையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க முடியாததைப் பகிடியாக்கிவிடுவது அவர் சுபாவம். புயல்களுக்குப் பெயர் வைக்கிறார்களே, அதுபோலத் தடிமன்களுக்குப் பெயர் வைத்தார்.

சட்டம் லேசானது. யார் முதலில் தும்மிக்கொண்டு ஏறுகிறாரோ, தடிமன் அவர் பெயரில். நெத்மி இருமல், ரஜீவன் கண், வாகினி காய்ச்சல் என்று வருடா வருடம் பட்டியல் நீண்டது. மூன்றாம் வகுப்பு யஹ்யாவின் பெயரில் மட்டும் மூன்று. பையன் அதைப் பரிசளிப்பு விழாவில் வாங்கிய கிண்ணம் போல நினைத்திருந்தான்.

"அங்கிள், இதுவும் எனக்குத்தான்," என்று ஒரு திங்கட்கிழமை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏறினான்.

"இல்லடா. நெத்மி வெள்ளிக்கிழமையே தும்மிட்டா. நீ ரெண்டாவது."

"அவ தூசிக்குத் தும்மினா அங்கிள். தூசி கணக்கில்ல."

"அனே, தூசி இல்ல அங்கிள்," என்று பின் சீட்டிலிருந்து நெத்மி அப்பீல் செய்தாள். ஆதாரத்துக்கு ஒருமுறை தும்மியும் காட்டினாள். வேன் கைதட்டியது.

அந்த வேனுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. அதை இயற்றியவர்கள் தாய்மார்கள். விடியற்காலையில் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தும்போது அவர்கள் சொல்லும் கடைசி வார்த்தை 'போய்ட்டு வா' அல்ல. "கண்ணாடிய மூடிக்கிருங்க, பனி." மலைநாட்டில் தடிமனுக்கு அப்பனும் ஆத்தாளும் பனிதான் என்பதில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமே கிடையாது. காதை மூடும் கம்பளித் தொப்பி, கழுத்தில் துணி, நெஞ்சில் தைலம், மூடிய கண்ணாடி. இவ்வளவும் இருந்தும் தடிமன் வந்தால், யாரோ எங்கேயோ ஒரு கண்ணாடியைச் சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

சென்ற நவம்பர் வரை இதெல்லாம் பகிடியாகத்தான் இருந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அஜந்தனுக்கும் விஜிதாவுக்கும் ஒரு பெண் பிறந்தாள். அதுவும் ஒன்றரை மாதம் முந்தி. எடை, ஒரு பெரிய தேங்காயைவிடக் கொஞ்சம் கூட. பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே வைத்து வளர்த்து, பாடசாலை விடுமுறை விட்டிருந்த டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும் அன்று குழந்தைகள் டொக்டர் சுபாஷினி ஒரு கேள்வி கேட்டார். இளம் டொக்டர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக எழுதுவார்.

"என்ன வேலை செய்றீங்க?"

"ஸ்கூல் வேன் ஓட்டுறேங்க டொக்டர்."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது.

"எத்தன புள்ளைங்க?"

"பதினாறு."

"நல்லதா ஒரு வேலை பாத்து எடுத்தீங்க," என்றார் டொக்டர். பிறகு பேனையை வைத்துவிட்டு, "புள்ளைங்க வேன்ல பால் பக்கெட் குடிக்குமா?" என்று கேட்டார்.

"குடிச்சிட்டு ஸ்ட்ரோவ கீழ போட்டுட்டுப் போகும். தெனமும் நான்தான் பொறுக்குறது."

"அந்த ஸ்ட்ரோவ நெனச்சுக்குங்க. ஒங்க மகளோட நெஞ்சுக்குள்ள இருக்கிற சின்ன மூச்சுக்குழாய் அதவிட மெல்லிசு. ஒங்களோடது தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஹோஸ்னு வைங்க. ரெண்டுலயும் உள்பக்கம் ஒரே அளவு வீங்கி, கொஞ்சம் சளியும் சேந்துச்சுன்னா?"

அஜந்தன் யோசித்தார். "ஹோஸ்ல தண்ணி ஓடும். ஸ்ட்ரோ அடைச்சிரும்."

"அவ்வளவுதான் விஷயம். ஆர்.எஸ்.வி.னு ஒரு வைரஸ் இருக்கு. நமக்கு வந்தா மூக்கு ஒழுகும், ரெண்டு நாள் தொண்ட கரகரக்கும், வேலைக்கும் போயிருவோம். ரெண்டு வயசுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாக் கொழந்தைக்கும் அது ஒருக்கா வந்திரும். நெறைய பேருக்கு வெறும் தடிமனா போயிரும். ஆனா இவ அவசரப்பட்டு வந்துட்டா. நுரையீரல் இன்னும் வளந்துக்கிட்டு இருக்கு. வர வேண்டியது கொஞ்சம் பிந்தி வரட்டும். தடிமன் உள்ள யாரும் கிட்ட வர வேணாம். நீங்களும்தான்."

பிறகு வாசல்வரை வந்து விஜிதாவிடம் சொன்னார்: "பால் குடிக்கிறது பாதியா கொறைஞ்சா, மூச்சு வேகமா ஏறி எறங்கினா, மூச்சு எடுக்கிறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுந்தா, கொத்தமல்லி அவிச்சுக்கிட்டு நிக்காதீங்க. கொண்டு வந்திருங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் உக்குவளை ரயில் கடவையில் வேன் நின்றபோது அஜந்தன் சொன்னார். "இந்தப் புள்ளைக்குத் தடிமன் வரக் கூடாது."

"ஒங்க வாய்ல இருந்து இத கேக்க ஒம்பது வருஷம் காத்திருந்தேன்," என்றாள் விஜிதா. "தடிமனுக்கு பேரு வச்ச மனுசன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் புதுப் பழக்கங்கள் வந்தன. வெளிக்குழாயடியில் ஒரு சவர்க்காரம், ஒரு துவாய், கொடியில் ஒரு மாற்றுச் சட்டை. வேனிலிருந்து இறங்கியவர் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, சட்டை மாற்றி, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் படியேறுவார். மகளைத் தூக்கினாலும் கொஞ்ச நேரம்தான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. கோயிலுக்குள் போகிறவன்கூட இவ்வளவு சுத்தமாகப் போவதில்லை என்பது விஜிதாவின் கணிப்பு.

வீடு சரி. வேன்? ஜனவரியில் பாடசாலை திறக்கப் போகிறது. அஜந்தன் கணக்குப் போட்டார். தனக்குத் தடிமன் வராவிட்டால் மகளுக்கு வராது. பிள்ளைகளுக்கு வராவிட்டால் தனக்கு வராது. பிள்ளைகளுக்கு எதனால் வருகிறது? பனியால். ஆகவே பனியை அடைக்க வேண்டும்.

கணக்கில் ஒரு வரிதான் பிழை. ஆனால் அந்த வரியில் ஊரே அவரோடு நின்றது.

பழைய சைக்கிள் டியூப்களை வாங்கிவந்து நீள நீளமாக வெட்டினார். கண்ணாடிகளின் விளிம்பில், கதவின் இடுக்கில், கூரையிலிருந்த காற்றுத் துவாரத்தில் எல்லாம் வைத்துப் பசையால் ஒட்டினார். கடைசியில் கதவைச் சாத்தினால் காதில் 'டப்' என்று அடைக்கும் அளவுக்கு வேன் இறுகிவிட்டது. மாத்தளை மாவட்டத்திலேயே கதகதப்பான வேன் அதுவாகத்தான் இருக்கும்.

தாய்மார்கள் மெச்சினார்கள். அதிகம் மெச்சியவர் சந்திரவதனா. யாழ்ப்பாணத்துக்காரர், மாத்தளையில் அரசாங்க உத்தியோகம், உக்குவளையில் வாடகை வீடு. மகள் வாகினி நான்காம் வகுப்பு. மூன்று வயதில் ஒருமுறை வாகினிக்கு மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பனி என்றால் சந்திரவதனாவுக்குப் பரம்பரைப் பகை.

"இப்பதான் அஜந்தன் ஒரு ஒழுங்கான வேன் ஓடுறார்," என்று டியூப் விளிம்பைத் தடவிப் பார்த்துச் சொன்னார். "ஒரு பொட்டுக் காத்தும் வராது போல."

"வராதுங்க மிஸ்."

காற்று வரவில்லை. தடிமன் வந்தது.

முதல் வாரமே நெத்மி தொடங்கினாள். அது முடியுமுன் ரஜீவன். ரஜீவனுடையதும் நெத்மியுடையதும் கலந்து யாருடையது என்று தெரியாத ஒன்று. காலையில் வேன் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடிகள் வெளுத்துப்போகும். வாகினி அதில் விரலால் பூனை வரைவாள், மற்றவர்கள் பூனைக்கு மீசை வைப்பார்கள். அஜந்தன் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். எவ்வளவு பனி பாருங்கள், அடைத்தும் நிற்கவில்லை என்று இன்னும் இரண்டு டியூப் வாங்கினார்.

மாத நடுவில் பிள்ளையைக் கிளினிக்கில் காட்டும் நாள். எடை ஏறியிருந்தது, டொக்டர் சுபாஷினிக்கு மகிழ்ச்சி. "வேன் எப்படி?" என்று கேட்டார்.

அஜந்தன் தன் நோயாளிகளைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். டொக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ரஜீவன் கண்ணுன்னா?"

"காய்ச்சல், தொண்ட வலி, அதோட கண்ணு செவந்து பீள கட்டும். போன வருஷம் பாதி வேன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்துச்சு."

"அடினோ வைரஸா இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம உறுதியா சொல்ல ஏலாது. அடுத்தது?"

"நெத்மி இருமல். நாய் கொரைக்கிற மாதிரி. அவ தங்கச்சிக்குத்தான் மோசம், மூச்சு உள்ள இழுக்கிறப்ப ஒரு சத்தம்."

"பாராஇன்ஃபுளுவென்சா. தொண்டைக்குக் கீழ, கொரல் வாற எடத்துல வீங்கும். அதுதான் குரைப்பு."

"வாகினி காய்ச்சல். பகல் ஏத்துறப்ப பாட்டுப் பாடிக்கிட்டு வந்தா. வீட்டுல எறக்குறப்ப தூக்கித்தான் எறக்கினேன். ஒடம்பெல்லாம் நெருப்பு, கை கால் வலின்னு அழுக."

"அது இன்ஃபுளுவென்சாவோட ஸ்டைல். மத்தது எல்லாம் படியேறி வரும், அது கதவ ஒடைச்சிக்கிட்டு வரும். யஹ்யா?"

"யஹ்யா சும்மா. மூக்கு ஒழுகும், தும்முவான், காய்ச்சல் கெடையாது. வருஷத்துக்கு ஆறு தடவ."

"ரைனோ. அதுல நூத்துக்கு மேல வகை இருக்கு. ஒன்ன ஒடம்பு படிச்சு முடிக்க, அடுத்தது வந்து நிக்கும். அதுக்கு மூக்கோட குளிர்ச்சிதான் புடிக்கும், அதனால அங்கயே குடியிருக்கும்." டொக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "இந்த முறை ஏன் இவ்வளவு வேகமா சுத்துது?"

"அதுதான் வெளங்கல்ல டொக்டர். நான் ஒரு துளி பனி உள்ள விடுறதில்ல," என்று அஜந்தன் சைக்கிள் டியூப் கதையைப் பெருமையோடு சொன்னார். கண்ணாடி வெளுப்பதையும் சொன்னார்.

"அந்த வெளுப்பு கண்ணாடிக்கு வெளிப்பக்கமா, உள்பக்கமா?"

"உள்... பக்கம்." பூனைகள் நினைவுக்கு வந்தன. "வாகினி விரலால வரையுவா. உள்பக்கம்தான்."

"அப்ப அது பனி இல்ல. பதினாறு புள்ளைங்களோட மூச்சு."

அஜந்தன் விஜிதாவைப் பார்த்தார். விஜிதா கூரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவளுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

டொக்டர் சிரிக்காமல் விளக்கினார். வைரசுக்குச் சொந்தமாக அடுப்பில்லை. தானாகச் சாப்பிடாது, தானாகப் பெருகாது. நம் மூக்கின் உயிர்க்கலத்துக்குள் நுழைந்து, அங்கிருக்கும் அடுப்பில் தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் சமைத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் அடுத்த மூக்குக்குப் போக வழி தேடும். தும்மல் ஒரு வழி, கை ஒரு வழி, மூடிய இடத்தில் மிதக்கும் மூச்சு இன்னொரு வழி. குளிர் அதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யலாம். ஆனால் வைரஸ் இல்லாத பனியில் எவ்வளவு நேரம் நின்றாலும் நடுக்கம்தான் வரும், தடிமன் வராது.

"நீங்க பனிய வெளிய வச்சு, வைரஸ உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க," என்றார் டொக்டர். "ஜன்னலத் தொறங்க."

அன்று பகலே அஜந்தன் கத்தியோடு வேனுக்குள் ஏறினார். பசை நல்ல பசை. ஒட்ட ஒரு மணித்தியாலம் எடுத்தது, பிரிக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமை முழுதும் நீண்டது.

திங்கட்கிழமை காலை வேனில் கலவரம். பிள்ளைகள் கட்சியில் அல்ல. அவர்கள் திறந்த ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டும், பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டும் கொண்டாடினார்கள். கலவரம் வாசல்களில்.

"என்ன இது, யன்னலத் திறந்து வச்சிருக்கிறியள்?" சந்திரவதனா வாகினியின் கையை விடவில்லை.

"டொக்டர் சொன்னாங்க மிஸ். காத்து ஓடணுமாம். பனியால தடிமன் வாறதில்லையாம்."

"இவளுக்கு மூச்சு இழுத்த நேரம் நான்தான் பக்கத்தில இருந்தனான், உங்கட டொக்டர் இல்லை."

"மிஸ், என் மகளுக்கும் அப்படி இழுக்கக் கூடாதுன்னுதான்," என்றார் அஜந்தன். "மூடித்தான் வேணும்னா, முஹம்மது நானாட ஏசி வேன் இருக்கு. அதுல எல்லாம் மூடித்தான் ஓடுவாங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இந்த வேன்ல இனி மூட மாட்டேன்."

ஒரு வாடிக்கையாளரை இழக்கத் தயாராக ஒரு வேன்காரர் நிற்பதைச் சந்திரவதனா அதற்கு முன் பார்த்ததில்லை. மகளின் தலையில் இரண்டாவது தொப்பியையும் போட்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி சால்வையால் சுற்றி, சாரதிக்குப் பின்னால் காற்று படாத சீட்டில் ஏற்றிவிட்டார். "ஒரு கிழமை பாப்பம்."

அந்த சீட்டில் அதுவரை இருந்தவன் யஹ்யா. அன்று அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவனுடைய தாய் பஹ்மிதா வாசலில் நின்றார். கண்கள் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தன. அவருக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை, யஹ்யாவின் தம்பி.

"சின்னவன ஆஸ்பத்திரில வச்சிருக்கு தம்பி. மொதல்ல இவனுக்கு வந்திச்சி, நாங்க கணக்கெடுக்கல்ல. பொறகு சின்னவனுக்கு மூக்கு ஒழுகிச்சி. மூணாம் நாள் பால் குடிக்கல்ல. மூச்சு எடுக்கக்குள்ள நெஞ்சு குழி உழுகுது, விசில் மாதிரி சத்தம். ஒக்சிசன் வச்சிக்கிறாங்க. இப்ப கொஞ்சம் பரவால்ல, அல்ஹம்துலில்லாஹ்."

"என்ன வைரஸ்னு சொன்னாங்களா?"

"என்னமோ எஸ்.வி. எண்டு சொன்னாங்க."

அஜந்தனின் பிடரியில் சில்லென்றது. கடந்த வாரம் முழுவதும், டியூப் ஒட்டிய வேனுக்குள், யஹ்யா அந்தப் பிடரிக்கு நேர் பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டு வந்திருந்தான்.

யஹ்யா சத்தமில்லாமல் ஏறினான். பள்ளிக்கூடம் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டான்: "அங்கிள், இந்தத் தடிமனுக்கு என் பேர் வைக்க வேணாம்."

அஜந்தன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "இது ஒன்னோடது இல்லடா. பஸ்ல ஏறுற ஆள் மாதிரி, எங்கயோ ஏறிச்சு, எங்கயோ எறங்கும். நீ ஒரு ஹோல்ட், அவ்வளவுதான்."

"அப்ப யாரு பேரு?"

"பேரே வேணாம். இதுக்கு அந்த மரியாத போதும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஜந்தனின் தொண்டையில் ஒரு மயிரிழை அரிப்பு. தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை. வேறு எந்த வருடமாக இருந்தாலும் ஒரு பிளேன்டீயோடு மறந்துபோயிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பெயர் வைக்கும் நாள். முப்பத்தோராம் நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்துபோனதால், தையில் ஒரு நல்ல நாள் பார்த்துக் குறித்திருந்தார்கள். பெயரைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும். பிள்ளையின் காதோடு வாய் வைத்து, மூன்று முறை.

அவர் வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்தில் நின்றபடியே விஜிதாவிடம் சொன்னார். இரவுப் படுக்கையும் வேனுக்கு மாறியது.

சனிக்கிழமை பல்லேபொலவிலிருந்து அவருடைய அக்கா ராசம்மா வந்திறங்கினார். ஒரு கையில் மிளகுப் பொட்டலம், இன்னொரு கையில் பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு. பிள்ளைக்கு அத்தை என்ற முறையில் நாளைய நாளின் முழு அதிகாரமும் தன்னிடம் என்ற நடையோடு முற்றத்துக்குள் வந்தவர், தம்பி வேன் சீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதைக் கண்டார்.

"என்னாடா, புருசன் பொண்டாட்டி சண்டையா?"

"தொண்ட அரிக்குதுக்கா."

"அரிச்சா சொறிஞ்சுக்க முடியாது, அதனால வெளிய படுத்துக்கிட்டியா?"

அஜந்தன் ஸ்ட்ரோவையும் ஹோஸையும் சொன்னார். யஹ்யாவின் தம்பியைச் சொன்னார். ராசம்மா முழுவதும் கேட்டார். முழுவதும் கேட்டபிறகும் மனம் இறங்கவில்லை.

"இந்தா பாரு. ஒன் மூக்கப் பாத்தா நாள் குறிச்சோம்? அப்பன் வாயால போகாத பேரு ஒட்டாது. ஒரு நிமிஷம் காதுல சொல்லிட்டு ஓடிப்போயிரு. மூச்ச அடக்கிக்க."

"மூச்ச அடக்கிக்கிட்டு எப்புடிக்கா பேசுறது?"

ராசம்மாவும் அதை ஒருமுறை முயன்று பார்த்தார். வரவில்லை. "அப்ப என்னா செய்யச் சொல்ற? இந்தப் புள்ளைக்கு ஒம்பது வருஷம் நேத்தி வச்சது நீதானே? இப்ப பேரு சொல்ல மட்டும் வேற ஆளா?"

அது அஜந்தனைத் தைத்தது. ஒன்பது வருடத்தில் எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த பெயர் அது. எந்தக் காதில் சொல்ல வேண்டுமோ அந்தக் காது இப்போது ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிறது. அவருக்கு மூச்சுதான் பயம். ஒருவேளை இது வெறும் அரிப்பாகவே இருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் போனால் என்ன? அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு மறுபடி படுத்தார். "நான் உள்ள வர மாட்டேன்க்கா."

அப்போது விஜிதா பிள்ளையோடு வீட்டின் உள்வாசலில் நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி, வீட்டுக்கு ஜன்னல் எதுக்கு இருக்கு?" என்றாள். "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் தொறந்தாரு. அவரு மகளுக்கு நாம தொறப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன வீடு நிறைந்தது. வந்தவர்களை ராசம்மாவே வாசலில் நிறுத்தி மூக்கைப் பார்த்து உள்ளே விட்டார். கட்சி மாறினால் முழுதாக மாறுகிறவர் அவர். உறிஞ்சிய இரண்டு பேருக்கு முற்றத்தில்தான் பலகாரம். முன்னறையின் ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தது. விஜிதா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அறையின் மறுபக்கச் சுவரோரம் உட்கார்ந்தாள். அஜந்தன் முற்றத்தின் அந்தக் கோடியில், வேலியோரம், சாதிக்காய் மரத்தடியில், பட்டு வேட்டியும் முகக்கவசமுமாக நின்றார். வேலிக்கு அப்பால் வேன் பிள்ளைகள் வரிசை.

சந்திரவதனா வாகினியோடு பரிசுப் பொதியை ஏந்தி வந்தவர், அவரைக் கண்டு நின்றார்.

"நீங்கள் ஏன் வெளியில நிக்கிறியள்? பேர் நீங்கள்தானே சொல்ல வேணும்?"

"தடிமன் மாதிரி இருக்கு மிஸ். மாதிரிதான். ஆனா சொல்ல ஏலாது."

அவர் அஜந்தனைப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார், இடையில் கிடந்த முற்றத்தைப் பார்த்தார். பரிசுப் பொதியை ராசம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, வாகினியோடு முற்றத்திலேயே நின்றுகொண்டார்.

நேரம் வந்தது. "சொல்லுடா," என்று உள்ளிருந்து ராசம்மா குரல் கொடுத்தார்.

"சம்யுக்தா," என்றார் அஜந்தன். முகக்கவசம் பாதியை விழுங்கியது.

"கேக்கல்ல."

"சம்யுக்தா." இந்த முறை மாத்தளைக்குப் போகும் ரயில் ஊதிக்கொண்டு கடந்தது. வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள்.

"ரயிலுக்கா பேரு வைக்கிற? புள்ளைக்குச் சொல்லு."

அஜந்தன் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். பதினாறு பிள்ளைகளை வீட்டுக்கு வீடு கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"சம்யுக்தா!"

காதுக்குள் இரகசியமாகப் போக வேண்டிய பெயர் வேலி தாண்டி, தண்டவாளம் தாண்டிப் போனது. நாலு வீட்டு நாய்கள் பதில் சொன்னன. வேலியோரப் பிள்ளைகள் அதை அப்படியே வாங்கி ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். மடியில் கிடந்தவள் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். ராசம்மா குனிந்து, "ஒங்கப்பன்தான்டி கத்துறான். ஒம்பேரத்தான்," என்றார்.

திங்கட்கிழமை அஜந்தனுக்குத் தடிமன் முழுசாக இறங்கியது. மூக்கு, இருமல், கரகரப்பு; படுக்க வைக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் வேனில் ஏறினால் பதினாறு பேருக்குப் போகும். விஜிதாவின் தம்பி வேனை எடுத்தான். ஜன்னல் கதை அவனுக்குத் தெரியாது. காலைக் குளிரில் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போனவனை, சந்திரவதனா வாசலில் மறித்து, "அஜந்தன் மூடுறேல்லை தம்பி, திறவுங்கோ," என்று சொன்னதாகப் பகலில் வந்து சொன்னான்.

"அந்த மிஸ்ஸா?" என்று அஜந்தன் சாதிக்காய் மர நிழலில் இருந்து இரண்டு முறை கேட்டார். "தொப்பி?"

"ரெண்டு தொப்பி இருந்திச்சு மச்சான்."

அந்த நாட்களில் அவர் செய்த ஒரே வேலை ஜன்னலருகே போகாமல் முற்றத்தில் நின்று கேட்பதுதான். "குடிச்சாளா?"

"குடிச்சா."

"முழுசா?"

"எனக்கு மிச்சம் வைக்கல்ல."

"விலாப்பக்கம்?"

"கொழுகொழுன்னு இருக்கு. குழி எங்க விழுறது?"

யஹ்யாவின் தம்பி வீடு திரும்பினான். அஜந்தனின் இருமல் காய்ந்து, மூக்கு நின்று, டொக்டர் சொன்னபடி அதற்கு மேலும் சில நாட்கள் கடந்தன. சம்யுக்தாவுக்கு ஒன்றுமில்லை. அன்று காலை அவர் குழாயடியில் எப்போதையும்விட நீளமாகக் கழுவினார். சட்டை மாற்றினார். உள்ளே வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கை நீட்டினார். விஜிதா பிள்ளையைக் கொடுத்தாள்.

முகக்கவசத்தைக் கழற்றலாமா என்று கண்ணால் கேட்டார். விஜிதா தலையசைத்தாள். குனிந்து, காதோடு வாய் வைத்து, ஊருக்கே தெரிந்த அந்தப் பெயரை இரகசியமாகச் சொன்னார்.

சம்யுக்தா மூக்கைச் சுருக்கினாள். அவருடைய முகத்திலேயே ஒரு தும்மல்.

அஜந்தன் உறைந்துபோனார். விஜிதா பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், பால் நிரம்பிய வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாம் ஒழுங்கு. கைக்குழந்தைகள் மூக்கைச் சுத்தம் செய்ய அப்படித்தான் தும்முமாம், டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"சட்டப்படி பாத்தா," என்றாள் விஜிதா, "யாரு மொதல்ல தும்முறாங்களோ..."

"இல்ல, இல்ல," என்று அஜந்தன் அவசரமாக மறித்தார். "இது தூசிக்கு. தூசி கணக்கில்ல."